கல்லாற்றங்கரையில் ஓர் ஆயில் ஃபில்டர்

கையில் எது அகப்பட்டாலும் அதன் மூட்டுகளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. மேசை விளக்கு, மூக்குக் கண்ணாடிக் கூடு, பிள்ளைகள் வாங்கி அனுப்பிய வெந்நீர்க் குடுவை, எதுவானாலும் இரண்டு பாகங்கள் சேரும் இடம் எது, எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், எந்த இடத்தில் முதலில் விட்டுப்போகும் என்று விரல் தேடும். சென்ற கர்க்கடக மாதத்தில், ஆடி மழைக்காலத்தில், என் மனைவி காலமானாள். அதற்குப் பிறகு இந்தப் பழக்கம் கூடியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறேன். அறைக்கு அறை நடக்கிறேன். எதையாவது எடுத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைக்கிறேன். இன்று காலையும் அப்படித்தான் அவளுடைய தையல் பெட்டியைத் திறந்தேன். அதில் இருக்கும் ஒரு பொருள் அங்கே வந்து சேர்ந்த விதத்தை எழுதத் தொடங்கினால் சிறிது நேரமாவது ஓரிடத்தில் இருக்க முடியும் என்று தோன்றியது.

நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவனந்தபுரத்தில் பொறியியல் கல்லூரி ஒன்றில் நான் இயந்திரவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீவராகத்தில் வாடகை வீடு. என் மனைவியின் தம்பி பழவங்காடியில் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கும் கடை ஒன்றை நடத்தினான். அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு அவன் அந்தக் கடையைத் திறந்தபோது எங்கள் தெருவே அவனுக்காக வருத்தப்பட்டது. 'எண்ணெய்க் கடை' என்று கேள்விப்பட்டு நல்லெண்ணெய் வாங்கப் பாத்திரத்துடன் போன மாமிகளும் உண்டு. தாய் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் என் மனைவி. ஆகையால் தெருவின் வருத்தம் எதுவும் அவன் காதில் விழாமல் அவள் பார்த்துக்கொண்டாள்.

அந்நாளில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. காரின் இஞ்சினில் எண்ணெய் சுற்றி வரும்போது அதிலுள்ள கரியையும் இரும்புத் துகளையும் பிடித்து நிறுத்துவதற்கு, இஞ்சின் பக்கவாட்டில் ஒரு கிண்ணம் தொங்கும். அதற்குள் வைக்கும் வடிகட்டியை எலிமென்ட் என்பார்கள். சில ஆயிரம் மைல் ஓடியதும் அதை எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும். கப்பல் சரக்கு அருகிப்போனதும் ஊரிலிருந்த கார்க்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் பழைய எலிமென்டையே பெட்ரோலில் அலசி, வெயிலில் காய வைத்துப் போட்டுக்கொண்டார்கள். இதைப் பார்த்துத்தான் மைத்துனன் தானே எலிமென்ட் செய்து விற்கத் தொடங்கினான். ஓட்டை போட்ட தகரக் குழாய். அதன்மேல் நெருக்கமாக நெய்த துணியைச் சுற்றுச் சுற்றாக இறுக்கிக் கட்டுவது. இரு முனைகளிலும் தகர மூடி வைத்து ஈயத்தால் பற்றவைப்பது. கடையின் பின்கட்டில் அதற்கென்று ஆட்களை வைத்திருந்தான்.

சரக்கு எப்படி என்று காட்டுவதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கடை வாசலில், காபி ஃபில்டரைப் போலவே மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமுமாக ஓர் அமைப்பு. நடுவில் அவனுடைய எலிமென்ட். மேலே பழைய இஞ்சினிலிருந்து இறக்கிய கறுத்த எண்ணெயை ஊற்றினால், கீழே கண்ணாடித் தம்ளரில் தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக விழும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று வாசலில் சிறு கூட்டமே நின்றிருந்தது.

"வாங்கோ அத்திம்பேர், நல்ல நேரத்துக்கு வந்தேள். முதல் டிகாக்ஷன் இறங்கிண்டிருக்கு."

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த பென்ஷன்காரர். கணக்கு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் வைத்திருக்கவில்லை. ஆனாலும் தினமும் வந்து அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன ஓய் ப்ரொபசர், மச்சினன் சாமர்த்தியத்தைப் பாத்தீரா? எங்காத்து ஃபில்டர்கூட இத்தனை நிதானமா இறங்காது."

"ஸ்வாமி, சாதனம் ஒண்ணாந்தரமாக்கும். சீமைச் சரக்கு தோத்துப்போகும்" என்றார் ஒரு டாக்ஸிக்காரர்.

"எப்போ ஊத்தினே?" என்று மைத்துனனைக் கேட்டேன்.

"காலம்பற கடை திறந்த உடனே" என்றான் பெருமையாக. அப்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அந்த வாசலில் நின்றிருந்த எல்லோருடைய வீட்டிலும் விடிந்ததும் முதல் வேலை டிகாக்ஷன் போடுவது. பொடி சரியாக அமுங்கியிருந்தால் மெல்ல இறங்கும், மெல்ல இறங்கினால் திடமாக இருக்கும், வேகமாக விழுந்தால் அது வெறும் வெந்நீர். இதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தத் தம்ளரே அத்தாட்சியாகப் போய்விட்டது. ஆனால் காபி காத்திருக்கும். இஞ்சின் காத்திருக்காது. ஓடும் இஞ்சின் தன் எண்ணெய் முழுவதையும் ஒரு நிமிஷத்துக்குள் எத்தனையோ முறை சுற்றவைக்கிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காத வடிகட்டியின் முன்னே எண்ணெய் தேங்கி முட்டும். முட்டினால் வடிகட்டியை ஒதுக்கிவிட்டுப் போவதற்கென்று வைத்திருக்கும் சிறிய வால்வு திறந்துகொள்ளும். அழுக்கு எண்ணெய் அப்படியே பேரிங்குகளுக்குப் போகும். பழைய வண்டியில் அந்த வால்வு பிசின் பிடித்துத் திறக்காமலும் போகலாம். அப்போது பேரிங்குகளுக்கு எண்ணெயே போகாது. தம்ளரில் எவ்வளவு அழகாக விழுந்ததோ அவ்வளவு ஆபத்து.

இதை அங்கேயே சொல்லவில்லை. நான்கைந்து எலிமென்ட் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவன் கண்ணாடி அலமாரியிலிருந்து பளபளப்பானவற்றை எடுக்கப் போனான். வேண்டாமென்று சொல்லி, பின்கட்டுக் குவியலின் அடியிலிருந்து நானே உருவிக்கொண்டேன்.

ஒரு வடிகட்டியை எடை போடும் முறை அப்படி ஒன்றும் ரகசியமல்ல. முதலில் அதை ஒரு வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்துத் தட்ட வேண்டும். நூல் பிசிறும் தகரத் தூளும் விழுந்தால், அழுக்கைப் பிடிக்க வேண்டியது தானே அழுக்கைக் கொண்டுபோகிறது. பிறகு இரு முனைகளையும் இரண்டு கட்டை விரல்களால் அழுத்த வேண்டும். நடுக்குழாய் நெளிந்தால், சூடான எண்ணெயின் அழுத்தத்தில் அது நசுங்கும் என்பதில் ஐயமில்லை. அடுத்து வைஸ் என்னும் இடுக்கியில் பிடித்து ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பது. மூடி துணியைக் கவ்வியிருக்கிறதா, அல்லது ஈயப் பற்று மட்டும் தாங்குகிறதா என்பது அப்போது தெரியும். கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமாக, அறுத்த துண்டுகளை வரிசையாக வைத்து ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வேண்டும். ஒரு பொருள் நன்றாக அமைவது கைராசியாலும் நேரலாம். அடியில் கிடந்ததும் மேலே கிடந்ததைப் போலவே இருந்தால்தான் நம்பலாம்.

மைத்துனனின் சரக்கில் ஒன்று கல்லைப் போல் இறுகியிருந்தது. இன்னொன்றில் துணியின் மடிப்பு விட்டு, விரல் நுழையும் சந்து இருந்தது. நடுக்குழாய்கள் யாவும் மெல்லிய தகரம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்னிடம் வெளிநாட்டு எலிமென்ட் இருந்தது. இங்கிலாந்தில் பயிற்சி முடித்துத் திரும்பிய நண்பர் ஒருவர் மாதிரிக்கு மூன்று கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒன்றை மாணவர்களுக்காக அறுத்துவிட்டேன். மற்றவை புதிதாகவே இருந்தன. சாம்பல் நிறக் கம்பளிப் பட்டை, விசிறிபோல் சீரான மடிப்புகள், கனத்த குழாய். இரு முனைத் தகடுகளும் ஈயமே இல்லாமல் அழுத்தி மடக்கப்பட்டிருந்தன. அந்த மடிப்பின்மேல் நகத்தை ஓட்டினால் எங்கும் தடுக்காது.

கல்லூரிக் கூடத்தில் ஒரு பழைய இஞ்சினின் பம்பைக் கழற்றி, காய்ச்சிய எண்ணெயை இரண்டு வகையிலும் அறுக்காத ஒவ்வொன்றில் செலுத்திப் பார்த்தேன். வெளிநாட்டு எலிமென்ட் தாங்கியது. மைத்துனனுடையதைப் போட்டதும் வால்வு உடனே திறந்துகொண்டது. வால்வை அடைத்துவிட்டுப் பார்த்தபோது நடுக்குழாய் காகிதக் குழலைப் போல் மடிந்தது.

இதை அவனிடம் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனெனில் அன்று என் மனைவி நோய்க்குப் பின் முதன்முறையாகக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் நீர் கோத்துப் பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தாள். தெருமுனை வரை நடந்தால் மூச்சு வாங்கும். சிறிது காலம் மலைக்காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொன்முடி போகும் வழியில், கல்லாற்றுக்கு மேலே, தெரிந்தவர் ஒருவருடைய தேயிலைத் தோட்டத்து பங்களா கிடைப்பதாக இருந்தது.

"உங்க பம்ப் என்ன இஞ்சினா, அத்திம்பேர்?" என்று மைத்துனன் கேட்டான்.

"இஞ்சினைவிடப் பம்ப் தயவா நடந்துக்கும்" என்றேன்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் ஃபில்டருக்கு இவர் மார்க் போட்டிருக்கார், அக்கா. பெயிலாம்."

"நீ ஸ்கூல்லேயும் அப்படித்தானே. ரெண்டாம் தரம் எழுதினா பாஸ் பண்ணிடுவே."

அவன் சிரிக்கவில்லை. "ஊர்ல எத்தனை வண்டி ஓடறது! ஒண்ணாவது நின்னுதா? அக்காவை மலைக்கு என் வண்டியிலதான் கூட்டிண்டு போகப்போறேன். என் ஃபில்டர் போட்டு. கடையிலே எல்லார்கிட்டேயும் சொல்லியாச்சு. சீமைச் சரக்கு ஒண்ணுகூட என் கடையிலே இல்லே, இனிமே வேண்டவும் வேண்டாம். ஏறி இறங்கிட்டு வந்தப்புறம் மார்க் போடுங்கோ."

அவன் போன பிறகு நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். போருக்குப் பின் வந்த வண்டி அவனுடையது. இரண்டு கை மாறியது. அதன் வால்வு எந்த நிலையில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

"டாக்ஸி ஒண்ணு பேசிடலாம்" என்றேன்.

"சொந்த அக்காவே அவன் வண்டியிலே ஏறமாட்டேன்னுட்டாள்னு பழவங்காடி முழுக்கப் பேசும். அப்புறம் அவன் கடையைத் திறந்து என்ன, மூடி என்ன?"

"வழியிலே நின்னுட்டா? ஒரு பர்லாங் உன்னால நடக்க முடியாது. மேலே பனி இறங்கும். பஸ் எப்போ வரும்னு சொல்ல முடியாது."

"நீங்க இருக்கேளே" என்றாள்.

வேறு எவரிடமாவது அந்தப் பதில் ஆறுதலாக விழுந்திருக்கும். என்னை அது அன்று முழுவதும் உட்காரவிடவில்லை.

தனு மாதத்து மார்கழிக் குளிரில் ஒருநாள் காலை கிளம்பினோம். அவளுக்குச் சால்வை, கஷாயம், வெந்நீர் எல்லாம் எடுத்துவைத்த பையில், அடியில், காகிதம் சுற்றி, மிஞ்சியிருந்த புதிய வெளிநாட்டு எலிமென்டை வைத்தேன். அதற்குரிய ரப்பர் வளையத்தையும் ஒரு ஸ்பானரையும் சேர்த்து வைத்தேன். நின்றுபோனால் மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. நின்றுபோகும் இஞ்சின் பேரிங்கை உருக்கிவிட்டுத்தான் நிற்கும், அதன்பின் எதை மாற்றியும் பயனில்லை என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் வைத்தேன்.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு மைத்துனன் தேங்காய் உடைத்தான். சிதறிய வேகத்தில் பாதி ரோட்டுக்கு வந்தது. பென்ஷன்காரர் வண்டி ஜன்னலில் குனிந்து, "அம்மா, க்ஷேமமா போயிட்டு வாங்கோ. ஓய் ப்ரொபசர், எண்ணெய் மீட்டர் முள்ளு விழுந்தா ஒரு தந்தி அடியும்" என்றார். கடையின் படிகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். மைத்துனன் சிரித்தபடியே வண்டியை எடுத்தான். அவன் கழுத்து வியர்த்திருந்ததை நான் கவனித்தேன். குளிர்காலக் காலை அது.

எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டத்துக்குள் இருந்தது. நான் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். பேரூர்க்கடை தாண்டும்வரை அது நிமிர்ந்தே நின்றது. நெடுமங்காட்டுக்கு அப்பால் மெல்லச் சாயத் தொடங்கியது. எண்ணெய் சூடேறினால் இளகும், இளகினால் அழுத்தம் குறையும், இது இயல்பு என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். விதுரை வந்தபோது இன்னும் சாய்ந்திருந்தது. எவ்வளவு சாய்ந்தால் இயல்பு, எவ்வளவுக்குமேல் ஆபத்து என்பதற்கு அந்த வண்டியில் எவரும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. இஞ்சின் சத்தத்தில் ஏதேனும் புதிய தட்டல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கேட்டது. பிறகு, அது பின்னால் டிக்கியில் பாத்திரம் உருளும் சத்தம் என்று தெரிந்தது.

"காடு எத்தனை பச்சையா இருக்கு, பாருங்கோளேன்" என்றாள் அவள், பின் இருக்கையில் தலையணையில் சாய்ந்தபடி.

"பாத்துண்டுதான் இருக்கேன்" என்றேன்.

"முள்ளைப் பாக்கறார், அக்கா" என்றான் அவன்.

"தெரியறது. பெண் பாக்க வந்தப்போகூட இப்படிப் பாக்கலே."

கல்லாற்றில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினான். பாறைகளுக்கிடையே ஆறு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்தில் ஒரு டீக்கடையும் வேறு இரண்டொரு கடைகளும். அதற்கு மேலே மலைப்பாதை. ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும் கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவைத் தாண்டி எதுவும் தெரியாதபடி பனி இறங்கியிருந்தது. மனிதர்கள் இருக்கும் கடைசி இடம் இதுதான், நின்றுபோவதானால் இங்கேதான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்து ஒரு தரம் பாத்துடலாம்" என்றேன்.

அவன் முகம் மாறியது. "இப்போவா? கை வைக்க முடியாது, கொதிக்கறது."

"ஆற வெச்சுத் திறக்கலாம்."

"எண்ணெய் கொட்டும்."

"வண்டியிலே ஒரு டின் எண்ணெய் இருக்கு."

"ரப்பர் வளையம் ஒரு தரம் எடுத்தா மறுபடி சரியா உக்காராது, அத்திம்பேர். ரோட்டுத் தூசி வேற உள்ளே போகும். உங்களுக்குத் தெரியாததா?"

அவன் சொன்ன ஒவ்வொரு காரணமும் சரியானது. வகுப்பில் நானே சொல்லும் காரணங்கள்தான். அதனாலேயே என் கலவரம் கூடிற்று. குழாய் நசுங்கியிருக்கிறது, முள் சாய்ந்ததன் பொருள் அவனுக்கும் புரிந்திருக்கிறது, மறைக்கிறான் என்று முடிவு செய்தேன். டீக்கடைக்காரர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"எந்து பற்றி, சாரே? வண்டிக்குக் கேடு வல்லதும் உண்டோ?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லே. அத்திம்பேருக்குத்தான் கொஞ்சம் கேடு" என்றான் மைத்துனன். சொன்ன விதத்தில் பழைய துடுக்கு இல்லை.

ஆற்றைப் பார்த்துச் சில அடி நடந்தேன், திரும்பினேன், பானெட் அருகே வந்து நின்றேன், மறுபடியும் நடந்தேன். அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"திறந்து காட்டிடேன்டா. இல்லேன்னா இவர் மலை முழுக்க மூச்சு விடமாட்டார். மூச்சு விட முடியாதவள் நானாக்கும்."

அவன் அக்காவை ஒரு முறை பார்த்தான். பிறகு டீக்கடையிலிருந்து ஒரு பழைய தகரத் தட்டை வாங்கிக் கீழே வைத்தான். வெகு நேரம், தேவைக்கும் அதிகமான நேரம், இஞ்சின் ஆறுவதற்குக் காத்திருந்தான். ஸ்பானரைப் போட்டு நடு போல்ட்டைத் தளர்த்தினான். கிண்ணம் இறங்கியது. அதை இரு கைகளாலும் ஏந்தி ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையைத் துடைக்கத் தொடங்கினான்.

நான் குனிந்து பார்த்தேன். எண்ணெய்க்கு மேலே தெரிந்த முனைத் தகட்டில் ஈயம் இல்லை. ஓரம் முழுவதும் ஒரே சீராக மடக்கப்பட்டிருந்தது. அதன் கீழே சாம்பல் நிறக் கம்பளி மடிப்புகள் விசிறிபோல் விரிந்திருந்தன. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை.

அவன் செய்த எலிமென்ட் அந்தக் கிண்ணத்தில் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு இருந்தது.

அவன் திரும்பாமலேயே பேசினான்.

"கடையிலே மிஞ்சின கடைசி ஒண்ணு. யாருக்கும் சொல்லாம எடுத்து வெச்சிருந்தேன். நேத்திக்குச் சாயங்காலம் நம்மளுதைத்தான் கையிலே எடுத்தேன், அத்திம்பேர். போல்ட்டைக்கூட முடுக்கிட்டேன். மறுபடி கழட்டினேன்." கைத்துணியை மடித்து மடித்துச் சிறியதாக்கினான். "அக்கா ஏறற வண்டியாச்சே."

என் பரிசோதனையும் அறுத்த துண்டுகளும் அவனை அசைக்கவில்லை. தனியாக, தன் கையில் தன் சரக்கை வைத்துக்கொண்டு, அவனே அதற்கு மதிப்பெண் போட்டிருந்தான். அதை நடுரோட்டில் திறந்து காட்டவைத்தவன் நான். ஏதேனும் செய்தாக வேண்டும் போலிருந்தது. வண்டிக்குப் போய்ப் பையின் அடியில் கையை விட்டு, காகிதத்தைப் பிரித்து, என்னிடமிருந்ததை எடுத்து வந்து கிண்ணத்தின் பக்கத்தில் அதே பாறைமேல் வைத்தேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்களுமா?" என்றான்.

வண்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. விலாவை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். மூச்சு முட்டியது, நிறுத்தினாள், மறுபடியும் சிரித்தாள்.

"போறும், போறும், வலிக்கறது. ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு நோயாளியை என்ன பாடுபடுத்தறேள்! எத்தனை ஃபில்டர்டா எனக்கு?"

டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் சிரித்துவிட்டுக் கேட்காமலேயே டீ கொண்டுவந்தார். அதன்பின் நானும் மைத்துனனும் கிண்ணத்தைத் துடைத்தோம். வளையத்தை அதன் பள்ளத்தில் நான் விரலால் சுற்றிச் சுற்றி அமர்த்தினேன். அவன் போல்ட்டை முடுக்கினான். குறைந்த எண்ணெயை டின்னிலிருந்து ஊற்றினோம். மலை ஏறும்போது முள் முன்னைப்போலவே சாய்ந்துதான் இருந்தது. அது சாயாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனாலும் பங்களா வாசலில் இஞ்சினை நிறுத்தும்வரை நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவளுக்கு அந்தக் காற்று ஒத்துக்கொண்டது. சில வாரங்களில் தேயிலைப் பாத்திகளுக்கிடையே தனியாக நடந்துவிட்டு வந்தாள். அழைத்துப்போக வந்த மைத்துனன் திரும்பும் வழியில், நெடுமங்காடு தாண்டியதும், "உங்க பம்பை ஒரு தரம் காட்டுங்கோ, அத்திம்பேர்" என்றான். கல்லூரிக்கு வந்தான். தன் சரக்கு மடிவதை நின்று பார்த்தான். விற்றவற்றையெல்லாம் வீடு வீடாகப் போய், 'புது மாடல் வந்திருக்கு' என்று சொல்லித் திரும்ப வாங்கினான். நடுக்குழாயைக் கனப்படுத்தி, துணியைத் தளர்த்தி, மூடியை மடக்கிப் புதிதாகச் செய்தான். அது என் பம்பில் தாங்கியது.

வாசலில் வைத்தபோதுதான் வேறு சங்கடம் வந்தது. எண்ணெய் வேகமாக இறங்கியது. நிறமும் முன்போல் தெளியவில்லை.

"என்ன ஓய் இது, ரெண்டாம் டிகாக்ஷனா?" என்றார் பென்ஷன்காரர்.

நல்ல வடிகட்டியை வாங்க ஆளில்லாமல் போயிற்று. சில மாதங்கள் போராடிவிட்டு அந்தப் பாத்திரங்களை எடுத்து உள்ளே வைத்தான். வேறு ஊர்களில் தொழிற்சாலைகள் வந்து சரக்கு வரத் தொடங்கியதும் அதை வாங்கி விற்றான். ஆர்டர் எடுக்க வரும் விற்பனைப் பிரதிநிதிகளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்பான்: "இதைப் போட்ட வண்டியிலே உங்க அக்காவை ஏத்துவேளா?" கோட்டும் டையுமாக வந்தவர்கள் திகைப்பார்கள். உடனே 'ஏத்துவேன்' என்றவர்களிடம் அவன் வாங்கியதில்லை. யோசித்துவிட்டுச் சொன்னவர்களிடம்தான் வாங்கினான். அவர்கள் எதிரிலேயே ஒன்றை அறுத்தும் பார்ப்பான்.

நான் கொண்டுபோயிருந்த எலிமென்ட் அந்தப் பங்களாவிலேயே அவள் கைக்குப் போய்விட்டது. ஊசி குத்தி வைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தேடியவள், மேசைமேல் கிடந்த அதை எடுத்து ஒரு மடிப்பில் ஊசியைச் செருகிப் பார்த்தாள்.

"ஓட்டை விழுந்தா வண்டிக்கு உதவாது" என்றேன்.

"வண்டிதான் நிக்கலியே."

மைத்துனனின் அந்த வண்டி பிறகு கைமாறிப் போயிற்று. அந்த அளவு எலிமென்டைக் கேட்கும் இஞ்சின் இப்போது எங்கும் ஓடுவதாகத் தெரியவில்லை. அது மட்டும் வீட்டுக்கு வீடு, தையல் பெட்டிக்குத் தையல் பெட்டி மாறி எங்களுடனேயே வந்தது.

அவளுடைய கடைசி நோயிலும் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு முறையும் பை நிறைய எதையெல்லாமோ எடுத்துச் சென்றேன். மாற்றுப் போர்வை, பழைய மருந்துச் சீட்டுகள், டார்ச் விளக்கு, அதற்கு வேறு பாட்டரி. எவரும் எதையும் கேட்கவில்லை. பையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். "என்ன கொண்டுவந்தேள் இன்னிக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கல்லாற்றை நினைத்தாள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இன்று காலை தையல் பெட்டியிலிருந்து அந்த எலிமென்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பளி நடுவில் கறுத்திருக்கிறது. மடிப்புகள் இன்னும் நிமிர்ந்து நிற்கின்றன. சில ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. முனைத் தகட்டின் மடக்கைச் சுற்றி நகத்தை ஓட்டினேன். எங்கும் விடவில்லை. கட்டை விரல்களால் அழுத்திப் பார்த்தேன். குழாய் நெளியவில்லை.

ஓர் ஊசியில் வெள்ளை நூல் கோத்து முடிச்சும் போட்டிருக்கிறது. என் அரைக்கைச் சட்டையின் பொத்தானுக்காக இருக்க வேண்டும். பொத்தான் அந்தப் பெட்டியிலேயே கிடக்கிறது. சட்டை அலமாரியில் தொங்குகிறது. ஊசியை வெளியே இழுக்கவில்லை. எலிமென்டை மேசைமேல் எதிரே வைத்துக்கொண்டுதான் இவ்வளவையும் எழுதினேன். நடுவில் இருமுறை எழுந்து போய் அலமாரியைத் திறந்துவிட்டு வந்தேன்.